ஐந்துக்கு அப்புறம் வரும்

தலைப்பில் நதி என்று கண்டதும்
யாரோ ஒரு குமாஸ்தா
இதை நீர்வளத் துறைக் கட்டில் செருகிவிட்டார்,
குழாய், பம்பு, உப்பு நீக்கும் ஆலைக் கணக்குகளுக்கு நடுவே.

தொண்ணூறில்
நாடகக் கோப்புகள் இருந்த கட்டிடம் எரிந்தது.
குழாய்க் கணக்குகள் எரியவில்லை.
ஒருவரின் கவனக்குறைவு காப்பாற்றிய
முப்பத்தொரு தாள்கள்
இன்று என் மேசைக்கு வந்தன.

சால்மியாவில் நிகழ்கலை நூலகம். எனக்கு வேலை
தாளைக் கண்ணாடியில் வைப்பது, மூடுவது,
வெளிச்சம் ஓடி முடிந்ததும் திறப்பது.
அரபி எழுத்தைக் காயல்பட்டினத்து மதரசாவில்
பொருள் தெரியாமல் ஓதினேன்.
பொருள் இங்கே வந்து ஏறியது,
வாடகை ஒப்பந்தம், மருந்துச்சீட்டு, அபராதத் தாள் என்று
பன்னிரண்டு வருடமாக.

நதி கேட்ட அரசன்.
ஓரங்க நாடகம், எழுபத்தொன்பது, மார்ச்.
மொழி: தமிழ் என்று எழுதி, அடித்து,
இந்தி என்று எழுதி, அதையும் அடித்து,
இந்தியா.

அரசன்: அந்தோணிப்பிச்சை, வெல்டர்.
மந்திரி: மீராசா, முகாம் சமையல்.
காவலன்: தவசிக்கனி, எடுபிடி.
அரசி: குமரகுருபரன், சாரம் கட்டுபவர்
(பெண் வேடம்; மீசை மழிக்கச் சம்மதித்துள்ளார்).
ஒவ்வொரு பெயருக்கும் எதிரே
விசா எண், கம்பெனி முத்திரை.
எழுதியவர் பெயருக்கு இடமே விடவில்லை.

தமிழ்ப் பிரதி இணைக்கப்படவில்லை.
அவர்களில் ஒருவர் இந்தியில் சொல்லச் சொல்ல
பெஷாவர்க்காரர் குல் ஸமான்
அரபியில் எழுதியிருக்கிறார், அனுமதிக்காக.
ஒரே இரவு, பத்து மணிக்குள்,
கடவுளர் பெயர் கூடாது, கைதட்டல் மிதமாக.

நேர்மையான மனிதர் குல் ஸமான்.
தணிக்கை அதிகாரி சந்தேகப்படக் கூடாதென்று
பதினொரு இடங்களில் ஓரக்குறிப்பு போட்டிருக்கிறார்:
இது நகைச்சுவை.
அவர்கள் மொழியில் சிரிப்பு வருமாம்.

முதலாவது இடம்.
அரசன்: இந்த நாட்டில் நதி உண்டா?
மந்திரி: ஐந்துக்கு அப்புறம் வரும், அரசே.

இது நகைச்சுவை.

எது?
ஐந்து மணிக்குத் தண்ணீர் லாரி வந்திருக்கும்,
முகாமில் வாளிகள் வரிசையாக நின்றிருக்கும்.
ஆனால் அதற்குச் சிரிப்பார்களா?
பதூரிடம் காட்டினேன். பிரிவுத் தலைவி,
இந்த ஊர் நாடகங்களின் வருடம் தேதி எல்லாம்
நாக்கு நுனியில் வைத்திருப்பவள்.
படித்தாள். உதட்டைப் பிதுக்கினாள்.
"பாவம், மோசமான ஆசிரியர்" என்றாள்.

எனக்குக் கொஞ்சம் கோபம் வந்தது.
முகம் தெரியாத ஒருவருக்காக
எதற்குக் கோபம் என்று தெரியாமல்
மதியம் வேறு பெட்டிகளை ஒளிநகல் எடுத்தேன்.

சாயங்காலம் லிப்டில் ஏறினேன்.
எட்டாவது மாடியில் இருக்கிறது என் கைப்பை வைத்த அலமாரி.
எத்தனை மொழி பேசினாலும்
எண்ணுவது மட்டும் எனக்குத் தமிழில்தான்.
மூணு.
நாலு.
அஞ்சு.

ஆறு.

மீராசா!
சமையல்கட்டுக் கரியோடு கிரீடம் வைத்த அரசனை
ஒரு நிமிடம் பார்த்துவிட்டுத்தானே சொல்லியிருப்பாய்?
நதியே இல்லாத நாட்டில்
அஞ்சுக்கு அப்புறம் ஒரு ஆறு,
அதே நேரத்துக்கு லாரி,
இரண்டும் சேர்ந்து கொட்டியிருக்கும் கூடாரத்தில்.
நான் சிரித்தேன், சத்தமாக,
நாற்பத்தைந்து வருடம் தாமதமாக.
கூட நின்ற பிலிப்பினோப் பெண்
அழைப்பு மணிப் பொத்தானுக்கு அருகே நகர்ந்துகொண்டாள்.

மறுநாள் மேலும் நான்கு பிடிபட்டன.
ஐந்து இன்னும் அரபியிலேயே முறைத்துக்கொண்டிருக்கின்றன.

கடைசி இடம் மட்டும் வேறு மாதிரி.
அரசன் வெண்கொற்றக்குடையை மடக்குகிறான்.
காவலனிடம் நீட்டுகிறான்.
காவலன்: இன்னும் இரண்டு வருடம்.

குல் ஸமானின் குறிப்பும் இங்கே நீளம்:
ஒத்திகையில் இதற்குத்தான்
நிறுத்தாமல் சிரித்தார்கள்.
ஏன் என்று கேட்டேன்.
என் ஒப்பந்தம் எத்தனை வருடம் என்று
திருப்பிக் கேட்டார்கள்.

கீழே, வேறு மையில்,
அனுமதிக்கப்படுகிறது.