நிலைக் குறிப்பு, பெட்டி 417

ஜெனீவா, லா பிராய்.
இந்தக் கிட்டங்கியில் பகலும் குழல்விளக்குத்தான்.
எட்டுத் திருகாணிகளைக் கழற்றினேன்.
பஞ்சுக்குள் உள்ளங்கையளவு பச்சைக்கல்:
அன்னத்தின் தலையைக் கவ்விய வல்லூறு,
இடுப்புப்பட்டையின் கொளுவி.

ஜுர்ச்சென் தளபதி ஒருவனுடையதாம்,
பன்னிரண்டாம் நூற்றாண்டு.
பெயர் இல்லை. அவனுடைய எழுத்தை
வாசிக்கத் தெரிந்தவர்கள் இன்று
ஒரு பேருந்தை நிரப்பமாட்டார்கள்.

நிபுணரின் இணைப்பு நாலு பக்கம்.
பாணைக் கடித்தபடி படித்தேன்.
குதிரையில் தெற்கே போயிருக்கிறான்.
சொங் அரசரின் தலைநகரை உடைத்து
மணி, ஓவியம், நூல், பெண்கள்,
கடைசியில் அரசனையும்
வண்டியிலேற்றி வடக்கே ஓட்டியவர்களில் ஒருவன்.
இந்த அன்னமும்கூட
அந்த வண்டியில் வந்ததாயிருக்கலாம்.

செத்தபோது கல்லாமையின் முதுகில் கல்வெட்டு.
பாதைக்கு இருபுறமும் கல்புலி, கல்லாடு.
எண்ணூறு குளிர்காலம்.
ஆட்டை ஒருவன் வாசற்படிக்குக் கொண்டுபோனான்.
ஆமையின் தலை ஒரு மதகுக்குள் போனது.

தாள் சொல்லாததை நானே போட்டுக்கொண்டேன்:
சோளக்கொல்லை, நிலவில்லாத இரவு,
அரைக்குழல் மண்வெட்டியோடு நாலு பேர்,
அளவாய் ஒரு வெடி.
மண்டையோட்டைக் காலால் ஒதுக்கிவிட்டு
இடுப்பைத் தேடியிருப்பார்கள்.

கொள்ளைக்காரன் வீட்டிலே கொள்ளை!
சிரிப்பு வந்தது.
வந்த சிரிப்பு அடுத்த கட்டத்தில் நின்றது:
'முந்தைய உரிமையாளர்:
சுவிஸ் தனியார் சேகரிப்பு, 1962-க்கு முன்.'

பஞ்சுக்குச்சியை வல்லூற்றின் நகத்துக்குள் விட்டேன்.
கறுப்பு மண்.
அறுபது வருடம் அலமாரியில் கிடந்த மண்
இப்படிப் பிசுபிசுக்காது.

மேலாளர் பெரூ எட்டிப் பார்த்தார்.
"தூசி என்று எழுதுங்கள், மதாம்."
நல்ல மனிதர். மகளின் திருமணத்துக்கு
எனக்கும் அழைப்பு வைத்தவர்.

தம்பியின் கல்லறையை உழுதுபோன யந்திரத்தின் பின்னால்
நடந்து, குனிந்து,
ஒரு பிடி அள்ளிப் பார்த்தவள் நான்.
அதைத் தூசி என்று
எவனும் என்னிடம் சொல்லத் துணியவில்லை.

எழுதினேன்:
'மண். ஈரமானது. அகற்றப்படவில்லை.'
கீழே முழுப்பெயர், ச. தர்மகுலநாயகி.
பிரெஞ்சுக்காரர் வாயில் நுழையாத பெயர்
ஒரு முறையாவது வேலைக்கு உதவட்டும்.

நாளை அந்தத் தாளே மாறியிருக்கலாம்.
பெட்டியை மூடினேன். எட்டில்
ஒரு திருகாணி முழுதாய் இறங்கவில்லை.

ஐந்தரைக்கு ஏரிக்கரை.
அன்னங்கள் கழுத்தை நீட்டி
என் கைப்பையைச் சந்தேகமாய்ப் பார்த்தன.
மிச்சப் பாணைப் பிய்த்துப் போட்டேன்.

எதற்கும்
வானத்தை ஒருமுறை பார்த்துக்கொண்டேன்.