கரைப்பான்

மாற்று ஆசிரியையாக மூன்றாம் வாரம்.
ஈசூன், நான்காம் மாடி, தொடக்கநிலை ஐந்து.
தமிழுக்குப் பதினொரு பிள்ளைகள்.
மழைக்கு முந்தைய புழுக்கம்.

அலுவலகத்தில் கொடுத்த தாளில்
மூளை இருந்தது, நுரையீரல் இருந்தது,
சட்டம் இருந்தது, தண்டனை தடித்த எழுத்தில் இருந்தது.
இதெல்லாம் அவர்களுக்கு மனப்பாடம்.
மண்டபத்தில் வரிசையாய் உட்கார்ந்து
எத்தனையோ முறை கேட்டாயிற்று.
தாளைக் கவிழ்த்து வைத்துவிட்டு
ஓர் ஓடையைப் பற்றிச் சொல்லத் தொடங்கினேன்.

இங்கிருந்து வெகு வடக்கே
மூங்கில் அடர்ந்த மலைக்குள் ஒரு தகரக் கொட்டகை.
உள்ளே நீலப் பீப்பாய்கள்.
ஒரு கிலோ தூள் செய்தால்
ஐந்தாறு கிலோ கழிவு மிஞ்சும்.
அதை அள்ள நம் புளோக்குக்கு வருவதுபோல்
காலையில் லாரி வராது.
இருட்டியதும் ஓடையில் சாய்த்துவிடுவார்கள்.

"எதைச் சாய்ப்பாங்க டீச்சர்?"

அமிலம் என்றேன். காரம் என்றேன்.
கரைப்பான் என்றேன்.

அவ்வளவுதான்.
"கரப்பானா?"
நாற்காலிகள் கிறீச்சிட வகுப்பே சிரித்தது.
ஹரிணேஷ் மேசைமேல் ஏறாத குறை.
கரும்பலகையில் எழுதிக் காட்டினேன்,
ஐகாரக் கொம்பை இரண்டு முறை அழுத்தி.
பயனில்லை.
அதற்குள் அவன் தாளில்
பீப்பாயைப் படகாக்கி
தலைக்கவசம் போட்ட கரப்பான்கள் ஏழு
துடுப்பு வலித்துக்கொண்டிருந்தன.
கீழே மீன்கள் வயிற்றைக் காட்டி மிதந்தன.
மீன்களை அவன் விளையாட்டாக வரையவில்லை.
செதில் செதிலாக வரைந்திருந்தான்.

"வடிகட்டிடலாமே டீச்சர்?
புதுநீர் மாதிரி?"
குழாயைத் திறந்தால் தண்ணீர் வரும் ஊரின் பிள்ளை
இப்படித்தான் கேட்கும்.
அங்கே ஆலை இல்லையடா.
விடிந்ததும் ஒருத்தி அரிசி களைய வருவாள்.
மேலே நடந்தது அவளுக்குத் தெரியாது.
தண்ணீர் பார்க்கத் தெளிவாகத்தான் இருக்கும்.

யாரும் சிரிக்கவில்லை.
மழை பிடித்துக்கொண்டது.
சன்னல் சாத்த இரண்டு பேர் ஓடினார்கள்.

அந்தச் சத்தத்துக்குள் வைஷாலினி
என் மேசையருகே வந்து நின்றாள்.
மூன்று வாரத்தில்
வருகைப் பதிவுக்கு மட்டும் வாய் திறந்தவள்.
"எங்கப்பா செய்யல டீச்சர்.
வாங்கினார், அவ்வளவுதான்.
சின்னப் பொட்டலம்."
விரல் நுனியில் அளவு காட்டினாள்.
"அதுக்கு எவ்வளவு ஆறு?"

கிலோவிலிருந்து கிராமுக்கு வந்தேன்.
கணக்குத் தெரிந்ததற்காக
அன்றுதான் முதன்முறை வருந்தினேன்.
பொய் சொல்லியிருக்கலாம்.
"ஒரு தேக்கரண்டி இருக்கும்மா."

"ஒண்ணுதானா?" முகம் மலர்ந்தது.
உடனே சுருங்கியது.
"மீன் எவ்வளவு பெருசு?"

மணி அடித்தது.

வீட்டில் இரவு தாள்களைத் திருத்தினேன்.
கரப்பான்களுக்கு ஒரு நட்சத்திரம்
(மீன்களுக்காக இன்னொன்று).
ஒருத்தி காட்டை வரைந்து பாதியை அழித்திருந்தாள்;
அழிப்பானின் தூசுகூட ஒட்டியிருந்தது.

வைஷாலினியின் தாளில் ஓடை, மலை,
முட்டிவரை தண்ணீரில் இறங்கிய ஒருவர்.
சட்டைக்கு நிறம் தீட்டவில்லை.
கையில் தேக்கரண்டி.
சாய்த்ததைத் திரும்ப
அள்ளி அள்ளி எடுத்துக்கொண்டிருக்கிறார்.
பக்கத்தில் வாளி, பாதி நிறைந்து.

கீழே, குண்டு குண்டான எழுத்தில்:
அப்பா ஆற்றங்கறையில் நிற்கிறார்.

சிவப்புப் பேனாவை எடுத்து
றகரத்தைச் சுழிக்கப் போனேன்.
வெளியே சாக்கடையில்
மழைத் தண்ணீர் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது.
மூடியைப் போட்டு
பேனாவை வைத்துவிட்டேன்.