தோற்கும் அணியில் ஏழாம் இலக்கம்

தோற்பதற்குத்தான் எனக்குச் சம்பளம்.
இருநூற்றிப் பதினோராவது தோல்வி
இன்று, திருக்கோணமலையில்.

நிஸ்தார் பந்தை என் சேர்ட்டுக்குள் ஒளித்துவிட்டு
நடுவரின் தொப்பிக்குள் தேடுவான்.
விசிலடித்தால் சவர்க்கார நுரை.
சனம் வயிற்றைப் பிடித்துக்கொள்ளும்.
நான் விழவேண்டிய இடத்தில் விழுவேன்.

மூன்றாம் பாதியில்
(எங்களுக்கு மூன்று பாதி, அதுவும் பகிடி)
கோட்டைப் பக்கமிருந்து ஒரு மான்
கோர்ட்டுக்குள் வந்து நின்றது.
ஒத்திகையில் இல்லாத மான்.
நிஸ்தாரின் கை அந்தரத்தில்;
பந்து உருண்டு என் காலடியில்.

கூடையடியில் ஒருவருமில்லை.
எறிந்தேன்,
பகிடிக்கில்லாமல்.

வலை அசைந்தது.
ஸ்கோர் எழுதும் பெடியனும்
மானுக்குக் கச்சான் நீட்டிக்கொண்டிருந்தான்.

கந்தளாய் தாண்டியபிறகு
இருட்டு பஸ்ஸில் நிஸ்தார் கேட்டான்:
"மச்சான், அது விழுந்ததுதானே?"

நித்திரைபோல் கிடந்தேன்.
நாளைக்கு மட்டக்களப்பு.