ஊசித் துண்டு

டெல்லியிலிருந்து கோவை. பதினேழாவது வரிசை.
ஜன்னலோரம் அவர், நடுவில் நான்.
பேரு அர்த்தநாரிங், திருச்செங்கோட்டுப் பக்கம்,
ரிக் வண்டி ஓட்டறனுங் என்றார்.
ஜான்சியில் எழுநூறு அடி இறக்கியும்
வெறும் புழுதிதான் வந்ததாம்.
தண்ணியில்லாத குழிக்கும் கூலி உண்டுங் அம்மிணி.
சிரித்தார். நகக்கண்ணில் கிரீஸ் கறுத்திருந்தது.

நாக்பூர் தாண்டியிருக்கும்.
முகமெல்லாம் வேர்த்தது.
நெஞ்சுக்குள்ள என்னமோ பண்ணுதுங்...
அதையும் மன்னிப்புக் கேட்கிற குரலில்தான் சொன்னார்.

பணிப்பெண் ஓடிவந்தாள். இருபத்திரண்டு வயதிருந்தால் அதிகம்.
டாக்டர் யாராவது உண்டா என்று
மூன்று முறை அறிவித்தார்கள்.
கடைசி வரிசையிலிருந்து ஒருவர் கூச்சத்தோடு எழுந்தார்:
நாமக்கல்லுங்க, கோழிக்கும் மாட்டுக்கும் பார்க்கிறவன்.
வாங்க வாங்க என்றோம்.

ஆக்சிஜன் உருளை வந்தது.
நான் முள்ளைப் பார்த்தேன்.
திருப்பூரில் பதினோரு வருஷமாகத் தரம் பார்க்கிறவள்,
எதைக் கண்டாலும் கண் அங்கேதான் போகும்.
முள் சிவப்பில் படுத்திருந்தது.
உருளையின் கழுத்தில் ஓர் அட்டை.
போன மாதத் தேதி, 'சரி' என்று ஒரு குறி,
ஒரு கையெழுத்து.

அழகான கையெழுத்து.

ஹைதராபாத்தில் இறக்கக் கூடாதா என்று கேட்டோம்.
ஒன்றேகால் மணியில் கோவை வந்துவிடும் என்று
மூடிய கதவுக்குப் பின்னாலிருந்து பதில் வந்தது.
நாமக்கல்காரர் இருக்கைகளுக்கு நடுவே மண்டியிட்டு
அமுக்கினார், எண்ணினார், அமுக்கினார்.
அந்தப் பெண் அழுதுகொண்டே கூட எண்ணினாள்.
அவளை நான் குறை சொல்ல மாட்டேன்.

பீளமேட்டில் ஆறு நிமிஷம் முன்னதாகவே இறங்கினோம்.
பதிவு செய்த குரல் ஒன்று அதற்குப் பெருமைப்பட்டது.
ஆம்புலன்ஸ் ஏணிக்கடியில் நின்றது.
அவசரமில்லாமல் ஏற்றினார்கள்.

எழுதிக் கேட்டேன். பதில் வந்தது:
பயணி தன் உடல்நிலையை முன்கூட்டித் தெரிவிக்கவில்லை.
உருளையைப் பற்றி ஒரு வரி இல்லை.

எங்கள் லைனில் ஓர் ஊசி உடைந்தால் மிஷின் நிற்கும்.
காந்தத்தைத் தரையில் தேய்த்து
முனை, தண்டு, காது எல்லாம் பொறுக்கி
நோட்டில் டேப் போட்டு ஒட்டுவோம்.
எந்த மிஷின், எத்தனை மணி, யார் தைத்தது.
பீஸ் ரேட்டு போகுதே என்று
முணுமுணுத்துக்கொண்டேதான் தேடுவாள் தெய்வாத்தா,
ஆனால் தேடுவாள்.
ஒரு துண்டு குறைந்தால் அந்தக் கட்டு கப்பல் ஏறாது.
எந்த ஊர்க் குழந்தையின் பனியனோ அது,
நாங்கள் பார்க்கவே போவதில்லை.

அதே விமானம் நாற்பது நிமிஷத்தில்
டெல்லிக்குத் திரும்பியது.
பதினேழாவது வரிசை ஜன்னலோரம்
யாரோ பெல்ட் மாட்டியிருப்பார்.
உருளை அதன் பெட்டிக்குள், அட்டையோடு.

இன்னும் ஒரு துண்டு கிடைக்கலீங்க.
ஆரு மிஷினை ஓட்டச் சொன்னது?