இருபது கிலோவுக்குக் கீழே

ஒத்தக்கடை எடைமேடையில்
பதினாறு வருஷமாய் நான்தான், ஜெயக்கொடி.
கல் லாரி ஏறும், எண் ஓடும், நிற்கும்.
சீட்டைக் கிழித்துக் கொடுப்பேன்.

அன்று வெள்ளைக்கண்ணுவின் வண்டி.
முப்பத்தெட்டாயிரத்து நாற்பதில் எண் நின்றுவிட்டது.
நான் நிற்கவில்லை.
ஜன்னலுக்கு வெளியே யானைமலை
எழுந்து
இரண்டு எட்டு வைத்தது.
பிறகு தரையில் என் கன்னம்,
கன்னத்தில் டீசல் மண்,
"அக்கா காலைல சாப்ட்டியா இல்லையா" என்று
தலைக்கு மேலே நாலைந்து குரல்.

பெரியாஸ்பத்திரியில் அந்த டாக்டர் பிள்ளை
கட்டில் விளிம்புக்கு வெளியே
என் தலையைத் தொங்கவிட்டு
இடப்பக்கம் திருப்பினாள். காத்திருந்தாள்.
லாரி அடங்குமுன் துடிக்கும் எண்களைப் போல
என் கண்மணி இரண்டும் துடித்தன.
அடங்கியதும் வலப்பக்கம்.
"காதுக்குள்ள கல்லும்மா.
சுண்ணாம்புத் தூசி மாதிரி.
இருக்க வேண்டிய எடத்த விட்டு உருண்டு
பக்கத்துக் குழாய்த் தண்ணிக்குள்ள விழுந்துருச்சு."
"எத்தன கிராம் இருக்கும்?" என்றேன்.
சிரித்துக்கொண்டே அடுத்த ஆளைக் கூப்பிட்டாள்.

இருபது கிலோவுக்குக் கீழே
எதுவும் என் மேடையின் கண்ணில் படாது.
மேலூர் மலைகள் துண்டு துண்டாய்ப் போனதற்கெல்லாம்
சீட்டு எழுதிய கை இது.
ஊதினால் பறக்கும் பொடி
ஆளையே சாய்த்திருக்கிறது.

கல் வீடு திரும்பிவிட்டதாம்.
பயம் என்னோடு பஸ் ஏறி வந்தது.
நாற்காலி, மேசை, கதவு, சுவர் என்று
ஸ்டாப்பிங் வைத்து நடந்தேன்.
அண்ணாந்து பார்ப்பதை அடியோடு விட்டேன்.
பரண்மேல் இருந்த இட்லிச் சட்டி
பரண்மேலேயே இருந்தது.

பட்டறைக்கு அறுவை மெஷின் பூட்ட வந்த சீனாக்காரர்
லூ என்று பெயர், என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு சின்னவர்,
எதிர் லாட்ஜில் தங்கியிருந்தார்.
லாரி வராத விடியலில்
என் இரும்பு மேடையில் ஏறி
முழங்காலைத் தளர்த்தி,
இல்லாத பானையொன்றை மார்போடு அணைத்து
நிற்பார். அவ்வளவுதான்.
வெளிப்பலகையில் சிவப்பாய் அறுபது.
டீக்கடைக்காரர்கள் முதல் வாரம் படம் பிடித்தார்கள்,
இரண்டாம் வாரம் மறந்தார்கள்.

எதற்கு இது என்று கேட்டேன்.
அவர் போனிடம் சொன்னார்;
போன் என்னிடம் தமிழில் சொன்னது:
"சிறுநீரகம் காதில் பூக்கிறது."
"தொப்புளுக்குக் கீழே சிவப்பு வயல்."
"பாதத்தில் கிணறு கொதிக்கிறது."
நான் சிரித்த சிரிப்பில்
அவர் பானையைப் போட்டுவிட்டார்.

ஆனாலும் மறுநாள் செருப்பைக் கழற்றி
அவருக்கு நாலடி தள்ளி நின்றேன்.
கிணறாவது ஒன்றாவது.
இரும்பு, ஜில்லென்று.
கண்ணை மூடியதும் வயிறு கலங்கியது, திறந்தேன், மூடினேன்.
ஒன்பதாம் நாளோ பத்தாம் நாளோ,
குதிகால் கொஞ்சம், பெருவிரல் அடி கொஞ்சம்,
மாறி மாறிப் பாரம் வாங்குவது தெரிந்தது.
விழப்போகிறேன், இல்லை,
விழப்போகிறேன், இல்லை,
இத்தனை வருஷமாய் இதையா
நிற்பதென்று சொல்லிக்கொண்டிருந்தேன்?
பெரியாறு கால்வாய் திறந்த அன்று
கடைசி வயல் தண்ணீர் வாங்குவதுபோல
அடிவயிற்றுக்கு மெதுவாக மூச்சு வந்து சேர்ந்தது.
காதுத் தண்ணீர் எந்தப் பக்கம் சாய்கிறதென்று
காதாலேயே கேட்டேன்.

பலகையைப் பார்த்தேன்.
இருவருக்கும் சேர்த்து நூற்றிருபது. அசையவே இல்லை.
நான் ஆடிய ஆட்டமெல்லாம்
அதற்குத் தெரியாமல் நடந்திருக்கிறது.

பலகை இருப்பது பன்னிரண்டு அடி உயரத்தில்.
அண்ணாந்திருக்கிறேன் என்பது
அப்புறம்தான் உறைத்தது.

கல்லைத் திருப்பியது அந்த டாக்டர் பிள்ளைதான்,
அதை யாரும் மாற்றிச் சொல்ல வேண்டாம்.

லூ ஊர் போய் இரண்டு மாதம்.
மாட்டுத்தாவணி வளைவில் பஸ் ஒடிந்து திரும்பும்போது
யானை இன்னும் ஒரு காலை அசைக்கத்தான் செய்கிறது.

நேற்று மழை.
மேடையில் ஆளில்லை, வண்டியில்லை,
பலகை நாற்பது காட்டியது.
தேங்கிய தண்ணீர்.
ஜீரோ பட்டனுக்குப் போன விரலைக்
கொஞ்சம் பொறு என்றேன்.