பதினாறுக்குப் பிறகு

முதலில் தெரிந்தது எனக்கல்ல,
காசுக்கு.

களுவாஞ்சிகுடிக் கூட்டுறவுக் கடையில்
ஐந்நூறு வைக்கவேண்டிய கையில்
ஐயாயிரம் வைத்தேன்.
வாங்கினவர் தெருவைக் கடந்து, நின்று,
திரும்பி வந்தார்.
"பிள்ள, இது உன்ட சம்பளத்தில வெட்டுப்படும்."
இருபத்தாறு வருசம்
ஒரு சதம் பிசகாத லாச்சி அது.

நித்திரை குறைவென்றேன்.
நித்திரையோ இரவை விட்டுப்
பகலுக்குக் குடிவந்திருந்தது.

மட்டக்களப்பு ஆஸ்பத்திரியில் சொன்னார்கள்
ஈரலில் கொழுப்பு, கொழுப்புக்கு மேல் தழும்பு.
"குடிக்கிறதா?" என்று மூன்று பேர் கேட்டார்கள்,
மூன்று பேரும் என் புருசனைப் பார்த்து.
நேசராசா தலையைக் குனிந்துகொண்டார்,
தான் குடித்ததுபோல்.

டொக்டர் ஸிமாறா ஒரு தாள் தந்தா.
ஒன்றிலிருந்து இருபத்தைந்துவரை
மழைக்குச் சிதறிய கோழிக்குஞ்சுகளாய் இலக்கங்கள்.
வரிசையாய்க் கோடு இழுக்கவேணும்.
பென்சில் ஏழில் நின்றது. பன்னிரண்டைத் தாண்டிப்போய்
வெட்கத்தோடு திரும்பியது.
தொண்ணூற்றிமூன்று செக்கன்.
"கதையில விளங்காது. நடையில விளங்காது.
இதிலதான் விளங்கும்" என்றா.
ஈரல் வடித்துவிடாத அழுக்கு
இரத்தத்தோடு ஏறி
தலைக்குள் மெல்லிசாய்ப் புகை போடுகிறதாம்.

பாணி மருந்து, மூன்று வேளை.
சிங்க் குளிசை ஒன்று.
பிறகு அந்த மா டின்:
கிளைச்சங்கிலி அமினோ அமிலம்.
கொழும்பிலிருந்து இரவு பஸ்ஸில் வரும்,
கொண்டக்டரின் சீட்டுக்குக் கீழே, மாப்பிள்ளை மாதிரி.
விலையைச் சொன்னால் உங்களுக்கும் தலை சுற்றும்.
ருசி, நனைந்த காட்போட் மட்டையைக் கரைத்ததுபோல்.

பக்கத்து வளவுப் புவனமலர் சொன்னாள்
ஈரல் வருத்தத்துக்கு மீன் ஆகாது,
பருப்பும் ஆகாது, வெறும் கஞ்சி குடி என்று.
டொக்டர் கோபித்தா.
"பட்டினி கிடந்தா தசை கரையும்.
அழுக்கைக் கழுவ ஈரலுக்கு உதவுற
மற்றக் கை அதுதான்."
எனவே பயறு, கௌபி,
குருமண்வெளி ஓடத்தில்
படுவான்கரையிலிருந்து வரும் சட்டித் தயிர்,
படுக்குமுன் இன்னும் ஏதோ ஒரு பிடி.

"இந்த மா வேலை செய்யுமா?"
"சிலருக்கு, எண்டு சொல்றாங்க.
ஈரலைத் திருப்பித் தராது."
அந்தச் 'சிலருக்கு'வை
ஆளுக்குப் பாதியாய் மடியில் வைத்துக்கொண்டு
பஸ்ஸில் வந்தோம்.

இரண்டாம் மாதம் அதே தாள், வீட்டில்:
எழுபத்தெட்டு செக்கன்.
அடுத்த கிழமை அறுபத்தாறு.
நேசராசா டின்னைத் தூக்கி முத்தமிட்டார்.
எனக்குள் இருந்த கணக்குக்காரிதான் கேட்டாள்
தேறினது தலையா,
பழகினது தாளா?

அன்றிலிருந்து ஞாயிறு தோறும்
பாணிப் போத்தல் மூடியை வைத்து
அவர் புதுசாய் வட்டம் கீறுகிறார்,
இருபத்தைந்து வட்டம்,
ஒவ்வொரு முறையும் வேறு வேறு இடத்தில்,
நாக்கைக் கடித்துக்கொண்டு.

நேற்று, ஒன்று, இரண்டு, மூன்று,
கோடு வழுக்கிக்கொண்டு போனது.
பதினாறு.
பிறகு?
மேலே இல்லை. மூலையில் இல்லை.
போன் ஓடுகிறது. அவர் என் முகத்தைப் பார்க்காமல்
போனையே பார்க்கிறார்.
புகை வருகிறது என்று நினைத்தேன்.
இருக்கிறதைக் காணாத கண் எப்படி இருக்குமோ
அப்படித்தான் இருந்தது.
டின், குளிசை, தயிர்,
விற்ற காப்பு,
எல்லாம் பதினாறோடு சரி.

பென்சிலை வைத்தேன். விரலை எடுத்தேன்.
நோட்டுக்கட்டு எண்ணுவதுபோல்
வட்டங்களை எண்ணினேன்.
இருபத்திநாலு.
இன்னொருதரம். இருபத்திநாலு.

"பதினேழு எங்க?"

தாளைத் திருப்பினார். பின்பக்கத்தையும் பார்த்தார்.
"ஐயோ," என்றார், "கீற மறந்திட்டன்."

"உங்களுக்கும் ஒரு கரண்டி கலக்கட்டா?"

அவர் சிரித்த சிரிப்பில்
மேசை ஆடியது, மா கொட்டியது,
ஒரு நாள் கூலி அளவு.
கூட்டி அள்ளும்போதுதான் கண்டோம்
போன் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது.
இருவரும் நிறுத்தவில்லை.