சாக்பீஸ் கோடு

ஆஸ்துமாக்காரனை முதுகில் கைவைத்து மலையேற்றுவதுபோலத்தான்
பதினாறு வருடமாய் இந்த வண்டியை ஓட்டுகிறேன்.
உயூனியே மூவாயிரத்து அறுநூறு மீட்டர் உயரம்.
வெந்நீர் ஊற்றுகள் அதற்கும் மேலே இன்னொரு ஆயிரத்து இருநூறு.
அங்கே போனால் ஆறு சிலிண்டரில்
நாலுதான் எனக்காக உழைக்கும்.
மற்ற இரண்டும் காற்றைத் தேடிப் போய்விடும்.

"டீசலுக்கு மாத்திடு, நியேவெஸ்."
காசியானோ இதைச் சொல்லிச் சொல்லி மூன்று மாதமாகிறது.
அவன் பட்டறையில் பழைய டயரொன்றின் மேல்
உட்கார்ந்திருக்கிறது அந்த எஞ்சின்.
ஜப்பானில் எதையோ சுமந்து ஓய்ந்து
இக்கீக்கே துறைமுகம் வழியாக வந்தது.
வாயில் துணி அடைத்திருக்கிறான், உப்புத்தூசி போகாமலிருக்க.
பக்கவாட்டில் நத்தை மாதிரி டர்போ:
இல்லாத காற்றையும் பிடித்துத் திணிக்குமாம்.

நாலாயிரத்து இருநூறு டாலர்.
பொலிவியானோவில் எவ்வளவு என்று கேட்டால்
சிரித்துக்கொண்டே ஸ்பேனரைத் துடைக்கிறான்.

நூறு கிலோமீட்டருக்கு இருபத்தாறு லிட்டர் பெட்ரோல்,
கூரைமேல் மூன்று கேன்,
வாடை தாங்காமல் வாந்தியெடுத்த பெல்ஜியத்துப் பெண்:
எல்லாம் எனக்குத் தெரியும். என் கணக்கை எனக்கு ஒப்பிக்காதே.

பிரிமித்தீவோ சுரங்கத்திலிருந்து போன் செய்கிறான்,
"இங்கே எல்லாமே டீசல்தான்" என்று.
அங்கே டீசல் தானாக வந்து டேங்கில் இறங்கும், ராசா.
இங்கே போன ஜூலையில்
பங்க் வரிசையில் உன் தங்கை யோபானா
ஒரு கை முழுதும் முதுகு பாதியும்
ஸ்வெட்டர் பின்னி முடித்தாள்.
வரிசை ஏழு வண்டி நகர்ந்தது.

அப்புறம் எடை.
முன்னச்சில் நூற்று முப்பது கிலோ கூடும்.
அதாவது கொழுந்தன் ஃபெர்மினும் அவன் அக்கார்டியனும்
ஆயுசுக்கும் என் பானெட்டுக்குள்.
பிப்ரவரியில் உப்புப் பாளம் ஊறிக் கிடக்கும்போது
யார் முதலில் இறங்குவது?

குளிரை யாரும் பேசுவதில்லை.
விடிவதற்குள் ஆவி பார்க்க வேண்டும் பயணிகளுக்கு.
மைனஸ் பதினெட்டில்
டீசல் லாமாக் கொழுப்பாய்க் குழாயில் தோய்ந்து நிற்க,
டேங்குக்கு அடியில் ஊதுவிளக்குப் பிடித்துக்கொண்டு
குப்புறப் படுத்திருக்கும் ஆண்களைப் பார்த்திருக்கிறேன்.
என் கிழவன் அப்படியில்லை. இருமுவான், திட்டுவான்,
எழுந்துவிடுவான்.

அதனால் கேட்டேன்:
"காலை நாலு மணிக்கு, வாசலில் வைத்து, எனக்கு முன்னால் கிளப்பிக் காட்டு."

இரவு முழுக்க வெளியே கிடந்தது, சங்கிலியில் கட்டிய எஞ்சின்.
நான் வண்டிக்குள் இரண்டு கம்பளிக்கடியில்.
நாலு மணிக்குக் காசியானோ வந்தான், தூக்கக் கண்ணோடு,
பேட்டரியைக் குழந்தை மாதிரி அணைத்துக்கொண்டு.
முதல் தடவை முனகியது.
இரண்டாவது, ஒன்றுமில்லை.
மூன்றாவதில் வெள்ளைப் புகை.
நாலாவதில் பிடித்துக்கொண்டது.
தெருநாய்கள் எழுந்து நின்றன.
கையுறையைக் கழற்றி உள்ளங்கையை வைத்தேன்.
குளிர்ந்த இரும்பு, உள்ளே
யாரோ அவசரமில்லாமல் கதவு தட்டுகிற மாதிரி.

பிடித்திருந்தது. அதுதான் பிரச்சினை.

விடிந்ததும் அவன் என் பானெட்டைத் திறந்து அளந்தான்.
"நீளம் கொஞ்சம் இடிக்குது. இங்கே நாலு செண்டிமீட்டர் வெட்டணும்."
எஞ்சினுக்கும் என் முழங்காலுக்கும் நடுவிலுள்ள தகட்டில்
சாக்பீஸால் ஒரு கோடு போட்டான்.
அவ்வளவு நேராக அவன் எதையும் செய்து நான் பார்த்ததில்லை.
வெட்டிவிட்டால், பழையது திரும்பி வந்தாலும்
அதற்கு இந்த வீட்டில் அறை கிடையாது.

"திங்கட்கிழமை சொல்றேன்" என்று மூடினேன்.

ஐந்து திங்கட்கிழமை போய்விட்டது.
ஆயில் பார்க்கத் திறக்கும்போதெல்லாம் கோடு அங்கேயே இருக்கிறது.
கட்டைவிரலால் தேய்த்தால் போய்விடும்;
தேய்க்கவில்லை.
மழையும்
டிசம்பருக்கு முன்னால் இங்கே வராது.